லேபிள் ஒன்று தள்ளிப்போன நாள்

இன்று காலை நம் பேண்டேஜ் கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் இசட் ஷெல் வந்து நின்றது. தோழி, நீ இருந்திருந்தால் உதட்டைச் சுழித்திருப்பாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஷெல்லா, பழைய பாஷ் ஷெல்லா என்று நாம் போடாத சண்டையா! பாதி அடித்தால் மீதியை இசட் ஷெல்லே நிரப்பும், பழைய கட்டளைகளைத் தேடித் தரும் என்று நான் அளப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பிலும் நீ விடமாட்டாய். "ஏட்டி, உன் கைக்கு எது தோதோ அத வச்சுக்கோ. ஸ்கிரிப்ட மட்டும் பாஷ்ல எழுது. சர்வர்ல அதான் ஓடுது" என்பாய். பொறவு பாத்துக்கலாம் என்று நான் தட்டிக்கழிப்பேன்.

லேபிள் அச்சிடும் கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஸ்கிரிப்டையும் இசட் ஷெல்லில்தான் எழுதினேன். என் மேசையில் ஒழுங்காக ஓடியது. பட்டியலின் முதல் இடத்தை இசட் ஷெல் ஒன்று என்று எண்ணும். லேபிளை அச்சுக்கு அனுப்பும் சர்வரில் இருந்த பாஷ் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு லாட்டுக்கும் அடுத்த லாட்டின் எண் விழுந்தது. கடைசி லாட்டின் லேபிள் வெறுமையாக வந்ததை, பெட்டிகளை ஏற்றும்போது நீதான் பார்த்தாய். "அண்ணே, செத்த நேரம் வண்டிய நிறுத்துங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் வாசலே திரும்பிப் பார்த்தது. உள்ளே இருந்தது ஆபரேஷனுக்குப் போகும் காஸ் துணி. ஏதாவது ஒரு லாட்டில் குறை தெரிந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் திரும்ப வாங்க முடியும்.

இருவரும் உட்கார்ந்து எல்லா லேபிளையும் உரித்து மறுபடி ஒட்டினோம். முதலாளி வந்து, யார் செய்த வேலை என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. "நாங்க ரெண்டு பேரும்தான் சார் எழுதுனோம்" என்றாய். நீ ஒரு வரிகூட எழுதவில்லை. உனக்கு வரவிருந்த பொறுப்பாளர் பதவி அதோடு நின்றது. நெஞ்சுவலி வந்து நீ போகும்வரை அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

"புதுசுல என்ன இருக்கோ அதுக்கே எல்லாத்தயும் மாத்திரலாமேம்மா" என்றார் முதலாளி இன்று. "வேண்டாம் சார். கைக்கு அவங்கவங்க இஷ்டம். ஸ்கிரிப்ட் பூராவும் பாஷ்லதான் இருக்கணும்" என்றேன், கொஞ்சமும் தயங்காமல். காரணம் கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அன்னைக்கு லேபிள் ஸ்கிரிப்ட எழுதுனது நான் மட்டும்தான் சார். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

அவர், "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம். இனி ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் பாஷ் என்று எழுதும்போது, நீ உயிரோடு இருக்கையில் அதைச் சொல்லாமல் விட்டேனே என்பதும் என் கூடவே வரும்.