பத்துக் காலம், பத்து நாவல்

மார்ச் 4

படிக்காத புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது பொய்யா, வெறும் பழக்கமா? இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வரிக்கு வரி ஆதாரம் கேட்டு மாணவர்களை வறுத்தெடுக்கிறவள்.

நூலகத்தில் கேட்டதால் வரலாற்று நாவல்களில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். காலத்துக்கு ஒன்றாகப் பத்து. உப்பு வணிகர்களில் தொடங்கி, அரண்மனைச் சமையற்காரி, கப்பல் தச்சர்கள், கொள்ளைநோய், கடைசியில் போர்க்கைதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. இன்று பலகையில் ஒட்டிவிட்டார்கள், கீழே என் பெயர், பட்டத்தோடு.

ஏழாவது, கொள்ளைநோய்க் கதை. அறுபது பக்கம்தான் படித்தேன். மீதிக்குப் பின்னட்டை. ‘இழப்பைச் சந்தித்தவர்களுக்கு ஆறுதல் தரும்’ என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 9

நாத்தனார் பட்டியலைப் பார்த்தாராம். தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளியோடு படிப்பு நின்றது, ஆனால் வாரத்துக்கு இரண்டு நாவல் முடிப்பார். ஏழாவதைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்.

“ஆறுதல்னு போட்டிருக்கியே, ப்ரொபசரம்மா. பாப்போம்.”

சிரித்தார். போன வருடம் மகளைப் பறிகொடுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முழுதாகப் படிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 13

புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“இத நீ முழுசா படிச்சியா?”

“படிச்சேன்க்கா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது.

“காய்ச்சல்ல கெடக்குற பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிட்டு அந்த அம்மா ஊரவிட்டுப் போறாளே, அதையும் படிச்சியா?”

“ம்.”

“அன்னிக்கு நான் குளிச்சிட்டு வரலாம்னுதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தேன். ரெண்டு மணி நேரம். உன் மனசுல இப்படி இருந்தா நேர்ல சொல்லியிருக்கலாமே. புத்தகத்த வெச்சா சொல்லுவ?”

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர் மகளின் உயிர் போனது. நாத்தனார் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 14

போன் எடுக்கவில்லை.

மார்ச் 16

“அக்காகிட்ட என்ன சொல்லித் தொலச்ச? நான் பேசினாலே வெச்சிடறா” என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு பொய்.

படிக்கவில்லை என்றால் நான் ஏமாற்றுக்காரி. படித்தேன் என்றால் கல்நெஞ்சக்காரி. மூன்று நாளாக எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்? கொடுமைக்காரியாக இருப்பதைவிடப் படிக்காதவளாக இருப்பதுதான் எனக்குக் கேவலமாகப் பட்டிருக்கிறது. சீ! என்ன பொம்பள நான்?

நாளை சொல்லிவிடுவேன். அழுவார், நானும் அழுவேன், சரியாகிவிடும்.

மார்ச் 17

யாரும் அழவில்லை.

கடை வாசலில் நின்றே சொன்னேன்: “அக்கா, நான் அத படிக்கவே இல்ல. அறுபது பக்கம்தான். அட்டையப் பாத்து எழுதிட்டேன். உங்கள நெனச்சு எழுதல.”

தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “மத்த ஒம்பதுல எத்தன படிச்ச?”

“அஞ்சு.”

“பட்டமும் இப்படித்தான் வாங்கினியா?”

புத்தகத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“நான் முடிச்சிட்டேன். நீ படி. வீட்டுக்குக் கொண்டுபோனா மறுபடி அட்டையத்தான் படிப்ப. இங்கயே உக்காரு.”

பட்டன் டப்பாக்களை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அறுபத்தொன்றாம் பக்கம். துணி வாங்க வந்த ஒரு பெண் கேட்டாள்: “யாருக்கா, புது ஆளா?”

“ஆமா. படிக்கத் தெரியாது. கத்துக்க வந்திருக்கு.”

காது சுட்டது. படித்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா கதவைப் பூட்டுவது நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில். நான் அங்கே வந்துவிட்டதை எப்படிக் கண்டுகொண்டாரோ, தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. நான் நிமிரவில்லை. இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.