கேட்டுக்கு வெளியே

பெக்கான் நானாஸ்
3.2.2024

அன்புள்ள ஷாமளாவுக்கு,

வள்ளி எழுதுறேன். நீயாவது நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு. எனக்கு ரெண்டும் பேருக்குத்தான் நடக்குது.

மூணாவது நோட்டையும் அனுப்பிட்டேன். கதை முடிஞ்சுது. ஆறாவதோட நின்னவளுக்கு எழுத்து எதுக்குடின்னு ஃபேக்டரியில சிரிக்கிறாளுங்க. சிரிக்கட்டும். என் மகன் ரூபேந்திரன் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிள்ல போனவன் அந்த லாரியில மாட்டி, மாசியோட வருஷம் திரும்புது. திவசத்துக்கு வர்றவங்களுக்கு எவர்சில்வர் தட்டுக்குப் பதிலா இந்தப் புத்தகத்தைத்தான் கொடுக்கணும்.

கதைக்குக் கரு என்னன்னு ஒரே வார்த்தையில கேட்ட. ரெண்டு நாளா அன்னாசி சீவிக்கிட்டே யோசிச்சேன். வரல. நீயே பாத்துச் சொல்லு.

உன்
வள்ளி

ஸ்கூடாய்
11.2.2024

அன்பு வள்ளி,

எல்லாத்தையும் டைப் பண்ணிட்டேன். சொந்தமா பதிப்பகம் நடத்துறேன்னு பேரு, அழுதுகிட்டே டைப் பண்ணது இதுதான் முதல் தடவை.

உன் கதையோட கரு மன்னிப்பு. கரு ஒண்ணுன்னா எல்லாம் அதை நோக்கித்தான் போகணும். உன் கடைசி அத்தியாயம் எதிர்ப்பக்கம் போகுது. கருமாதி அன்னிக்கு லாரி ஓட்டுன செல்வா வந்து கேட்டுக்கு வெளியே நிக்கிறான், அம்மா தண்ணிகூடக் கொடுக்கல. அதைக் கொஞ்சம் மாத்தினேன். அம்மா செம்புல தண்ணி கொண்டு போறா, 'உள்ள வாப்பா'ங்கிறா. படிக்கிறவங்க அழுதுடுவாங்க. கோவிச்சுக்காத லா. இதோட ப்ரூஃப் வச்சிருக்கேன். சரின்னா அச்சுக்குப் போயிடும்.

ஷாமளா

பெக்கான் நானாஸ்
15.2.2024

ஷாமளா,

படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த அம்மா ரொம்ப நல்லவ. நான் அவ இல்ல.

சாவு வீட்டுக்கு எதிரி வந்தாலும் தண்ணி கொடுக்கணும். எனக்கும் தெரியும். கொடுக்கல. நீ எழுதுனதை ஊரே நம்பும். கேட்டுக்கு வெளியே நின்னவன் படிச்சா?

மன்னிப்பு எனக்கு எப்பவாவது வந்தா நானே எழுதிக்குறேன். எனக்கு முந்தி நீ எழுதி வைக்காத. நான் எழுதினபடியே போடு. முடியாதுன்னா நோட்டைத் திருப்பி அனுப்பு, கடையில போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்துக்குறேன்.

வள்ளி

பெக்கான் நானாஸ்
4.3.2024

ஷாமளாவுக்கு,

நாப்பது புத்தகமும் வந்துச்சு. நான் எழுதுனதுல ஒரு எழுத்து மாறல. கட்டுக்குள்ள உன் கடுதாசி ஏதும் இருக்கான்னு தேடினேன். இல்ல. திவசத்துக்கும் நீ வரல. கோவம்தான். இருக்கட்டும்.

செல்வா வந்தான். யாரும் கூப்பிடல. மறுபடி கேட்டுக்கு வெளியேதான் நின்னான். என் கையில புத்தகம் இருந்துச்சு, கொடுத்தேன். நின்னபடியே கடைசி அத்தியாயத்தைப் படிச்சான்.

"அக்கா, பத்து நிமிஷம் நின்னேன்னு போட்டிருக்கீங்க. பந்தி முடிஞ்சு, கூடாரம் பிரிக்கிற வரைக்கும் நின்னேன்கா."

எனக்குத் தெரியாது ஷாமளா. நான் பத்து நிமிஷத்துல உள்ள போயிட்டேன். திரும்பிப் பாக்கல.

அடுத்த தடவை அச்சடிக்கிறப்போ அந்த வரியை மாத்தணும். உனக்கு மனசு வந்தா நீயே மாத்திக் கொடு.

வள்ளி