பக்கத்துப் பெண்ணின் நம்பர்

என் உயிருக்கு உயிரான மைமூன் லாத்தா,

இன்று காலை உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்த அந்த விஷயத்தை, கரீம் மாமா வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.  

நீங்கள் மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. உங்களை அடக்கிய கபுருஸ்தானுக்குப் பெண்கள் போவது நம் ஊரில் வழக்கமில்லை. இருந்திருந்தால் அங்கேயே வந்து உட்கார்ந்து சொல்லியிருப்பேன். வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை கேட்பீர்களா?

கடலூர் முதுநகரில் நம் தெருவிலிருந்து ரயிலேறி, சிதம்பரம் போய், அண்ணாமலை நகரில் படித்த முதல் பெண் நீங்கள். நீங்கள் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டால் நானும் போடுவேன். நீங்கள் பேனாவை நடுவிரலில் சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்து நானும் அப்படியே பிடித்து, விரல் காய்த்துப் போனது. "மைமூன் தும்முனா இவளுக்கும் தும்மல் வரும்" என்று உம்மா கிண்டல் செய்வார். பெரியவாப்பா மகள் என்பதற்காக அல்ல லாத்தா. எதற்கும் பயப்படாத ஒரு பெண்ணை நான் பார்த்தது உங்களிடம்தான்.

நீங்களும் பயப்படுவீர்கள் என்று எனக்குத் தெரிந்தது பதிமூன்று வயதில். உங்கள் பி.எஸ்ஸி. ரிசல்ட் வரவிருந்த வாரம் அது. பேப்பரில் பெயர் போட மாட்டார்கள், பாஸானவர்களின் நம்பர் மட்டும்தான் வரும். பெரியவாப்பா கேட்டதும் ஒரு சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் புத்தகத்தில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்த நான், கடைசி எண் வேறாக இருக்கிறதே என்று உங்களிடம் ஓடிவந்தேன். நான் பேசி முடிப்பதற்குள் என் வாயைப் பொத்தினீர்கள். உங்கள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"தப்பா எழுதல ஜமீலா. அது என் பக்கத்துல உக்காந்து பரிட்சை எழுதுன குமராட்சிப் பொண்ணு நம்பர். அவ எப்படியும் பாஸாயிடுவா. எனக்குக் கணக்கு சரியா வரல. என் நம்பர் இல்லாமப் போச்சுன்னா, இந்தத் தெருவுல இனிமே ஒரு பொண்ணயும் படிக்க உடமாட்டாங்க."

குமராட்சிப் பெண் பாஸானாள். உங்கள் நம்பர் வரவே இல்லை. ஆனால் உங்கள் பெயரைச் சொல்லித் தெரு முழுக்கப் பூந்தி போனது. நானும் ஒரு பிடி தின்றேன்.

உடனே டீச்சர் படிப்பான பி.டி.யில் சேர முடியாதே. உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருஷம் துணைக்கு இருக்கிறேன் என்றீர்கள். தாய் மேல் எவ்வளவு பாசம் பாரென்று அதற்கும் ஒரு பாராட்டு! செப்டம்பரில், சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும் என்று சொல்லி என்னைத் துணைக்குக் கூட்டிப்போய், தவறிய பேப்பரைத் திரும்ப எழுதினீர்கள். மூன்று மணி நேரம் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நம் ஊர்க்காரர் யாரோ வருகிறார் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வெளியே வந்தவுடன் "பயமா இருந்துச்சா லாத்தா?" என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்?" என்று சிரித்தீர்கள். ஆனால் முதுநகர் ஸ்டேஷன் வரும்வரை என் கையை நீங்கள் விடவில்லை.

அந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? போன வருஷம் வரை கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் பாஸானீர்கள், டீச்சரானீர்கள். உங்களைக் காட்டித்தான் வாப்பா என்னையும் அதே ரயிலில் பி.யூ.சி.க்கு அனுப்பினார். பிறகு மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து, "மைமூன் ஒரே தடவையில பாஸ் பண்ணுச்சு" என்பதே தெருவில் சட்டமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கரீம் மாமாவின் மகள் சுபைதா எட்டாவது முடித்துவிட்டாள். நம் தெருப் பள்ளியில் அதற்கு மேல் கிடையாது, ஒன்பதாவதுக்குப் பஸ்ஸில் புதுநகர் போக வேண்டும். என் பரிட்சைக்கு முதல் நாள் மாமா வந்தார். "மைமூன் மாதிரி நீயும் ஒரே தடவையில பாஸ் பண்ணிக் காட்டும்மா. நம்ம பொண்ணுங்களுக்குப் படிப்பு வரும்னு நம்பி இவளையும் சேத்து உடுறேன். இல்லாட்டி எதுக்கு வீண் அலைச்சல்?" அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி நான் ஒரே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிஸிக்ஸ் பேப்பரைக் கையில் வாங்கியதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தெரிந்த கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சுபைதாதான் தெரிந்தாள். பாதிப் பேப்பரை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று வாப்பா நம்பர் கேட்டார். என்னுடையது மூன்றில் முடியும். பக்கத்தில் உட்கார்ந்தவளுடையது நான்கு, அவள் வகுப்பிலேயே முதல். நான்கு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது லாத்தா. மூன்று என்று சொன்னேன். நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்காக வராந்தாவில் உட்கார நான் இருந்தேன். எனக்காக உட்கார சுபைதாதான் இருக்கிறாள். அவளை அந்தத் தூணுக்குப் பின்னால் நினைத்துப் பார்த்ததும் நான்கு என்று சொல்ல முடியவில்லை.

இன்று காலை கரீம் மாமா தம் வீட்டு வாசலில் பேப்பரை விரித்தார். வாப்பாவும் நானும் எதிரே நின்றோம். மாமா மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். நான்கு இருந்தது, மூன்று இல்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பரவால்லம்மா. மைமூன் மாதிரி எல்லாருக்கும் வந்துடுமா? சுபைதா வூட்டோட இருக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் சுபைதா தெரிந்தாள். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"மாமா, மைமூன் லாத்தாவும் ஒரு தடவை ஃபெயிலானவங்கதான். பக்கத்துப் பொண்ணு நம்பரக் குடுத்துட்டு, செப்டம்பர்லதான் பாஸ் பண்ணாங்க. நான்தான் கூடப் போனேன்."

"மௌத்தானவ மேல பழி போடுறியா? நீ ஃபெயிலானதுக்கு அவள ஏன் இழுக்குற?" மாமாவின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நாலு வீட்டுக் கதவு திறந்தது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். படிப்பிலும் தவறி, பொய்க்காரியும் ஆகி, இனி இந்தத் தெருவில் எப்படி நடப்பேன்?

அப்போதுதான் உங்கள் உம்மா, என் பெரியம்மா வந்தார். தலைத்துணியைச் சரியாகக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கையில் உங்கள் சர்ட்டிபிகேட்டோடு.

"புள்ள சொல்றது நெசம் கரீமு. இதுல மாசத்தப் படி."

மாமா படித்தார். செப்டம்பர் என்று போட்டிருந்தது.

"எம்மவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ சொன்ன பொய் நிக்கணுமேன்னு, யாராச்சும் வந்தா தலையில துணியக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் படுத்துக் கெடந்தேன். எனக்கு என்ன நோவுன்னு நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

லாத்தா, இது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அவருக்குப் பயந்து மறைத்தீர்கள், அவர் உங்களுக்காக மறைத்தார். ஒரே வீட்டில் எத்தனை நாள் இப்படி இருந்தீர்கள்?

"பள்ளிக்கூடம் தொறக்க நாளிருக்கு, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்விட்டார். அது சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. பெண்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். "அப்ப மைமூனும் அவ்ளோதானா?" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் பெயரையும் கெடுத்து, சுபைதாவுக்கும் ஒன்றும் ஆகாமல் போய்விடுமோ? இந்தப் பயம்தான் காலையிலிருந்து என்னைத் தின்கிறது.

மத்தியானம் கொல்லை வழியாகச் சுபைதா வந்தாள். சற்று எட்ட நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சோறு துன்னீங்களா லாத்தா?"

"துன்னேன்."

"ஃபெயிலானா அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"செப்டம்பர்ல திரும்ப எழுதுவாங்க."

"மைமூன் லாத்தா மாதிரியா?"

"ஆமா. மைமூன் லாத்தா மாதிரி."

 பிறகு பாவாடை இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நாலாக, எட்டாக மடித்து, வியர்வையில் நைந்து போயிருந்தது. அரைப் பரிட்சைக் கணக்குத் தாள். நூற்றுக்குப் பத்தொன்பது. இத்தனை மாதமாக யாருக்கும் காட்டாமல் உடம்போடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கக்கூடாது என்று நேற்றுதான் நினைத்தேன். அவளோ முன்பே அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், லாத்தா.

இருவரும் தரையில் உட்கார்ந்து முதல் கணக்கைப் போட்டோம். எனக்கும் ஒரு தடவை தப்பாகத்தான் வந்தது. அடித்துவிட்டு அவள் எதிரிலேயே திரும்பப் போட்டேன்.

என்னை மன்னிப்பீர்களா என்று தெரியவில்லை. மன்னிக்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். வரும் செப்டம்பரில் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறும்போது எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும், ஃபெயிலான பேப்பரைத் திரும்ப எழுதப் போகிறேன் என்பேன். குரல் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்வேன். அதற்குள் மாமா மனம் மாறாவிட்டால், மாறும்வரை தினமும் அவர் வாசலில் போய் நிற்பேன்.

உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத தங்கை,
ஜமீலா