ஒருசந்திக் காப்பி

அடையாறு விடுதி,
17 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

அப்பா வாசலில் கொடுத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையில் உன் லேப் சீட்டு இருந்தது. முதல் வருடப் பிள்ளைகளுக்கு வார்டன் மாதக் கடைசி ஞாயிறன்றுதான் ஃபோன் தருவார். அதுவரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 218 என்று போட்டிருக்கிறது. 126 வந்தாலே மறுபடி பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். தாகம் அதிகமாக எடுக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய்? வலது கால் கட்டைவிரல் புண் ஆறிவிட்டதா? மறைக்காமல் எழுது.

உன்,
கரோல்

மாதா துணை

மயிலாப்பூர்,
19 மார்ச்

அன்பு மகள் கரோலுக்கு,

நர்ஸிங் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பெற்றவளையே நோயாளி ஆக்கிவிட்டாய். நடந்ததைக் கேள். லேப் பெண், "ஃபாஸ்டிங்தானே ஆன்ட்டி?" என்றாள். தவக்காலம் ஆயிற்றே. "சாம்பல் புதன்லேர்ந்தே ஒருசந்திதாம்மா" என்றேன். ஒருசந்தி என்றால் மதியம் ஒருவேளைச் சோறு, காலையில் ஒரு காப்பி. அன்றும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுத்தான் போனேன். அவள் கண்டது அந்தக் காப்பியைத்தான். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புண்ணா, அது செருப்பு கடித்தது. வலியே இல்லை. நீ பாஸாக வேண்டும் என்று பெரிய வெள்ளியன்று பரங்கிமலைக்குச் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்திருக்கிறேன். அதற்குள் ஆறிவிடும்.

அம்மா,
கிளாடிஸ்

அடையாறு விடுதி,
21 மார்ச்

அன்புள்ள அம்மா,

காப்பிக் கதையைப் படித்து அறையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் 'வலியே இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அதற்கப்புறம் எனக்குப் புத்தகமே ஓடவில்லை. மூன்று வாரமாக ஆறாத புண் வலிக்கத்தான் வேண்டும். வலிக்காவிட்டால்தான் பயம்.

இரண்டு காரியம் செய். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்டுக்கு இரத்தம் கொடு. அதற்கு வெறும் வயிறு வேண்டாம், உன் காப்பி அதைக் குழப்பாது. அடுத்தது, கண்ணை மூடி உட்கார். அப்பா பஞ்சுத் திரியால் பாதத்தில் அங்கங்கே தொடட்டும். தொட்டது தெரிந்தால் 'ம்' என்று சொல், அவ்வளவுதான்.

எனக்காக நடக்காதே அம்மா. நான் ஃபெயிலானால் மறுபடி எழுதிக்கொள்வேன்.

கரோல்

மாதா துணை

மயிலாப்பூர்,
25 மார்ச்

அன்பு கரோலுக்கு,

உன் தொல்லைக்காக நேற்று மாலை உட்கார்ந்தேன். இடது காலில் தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். வலது காலுக்குக் காத்திருந்தேன், அப்பா ஆரம்பிக்கவே இல்லை. அடுப்பில் பால் இருந்ததால் எழுந்துவிட்டேன். அவர் வேலை என்றைக்கு முடிந்தது?

இரத்த டெஸ்டை ஈஸ்டர் கழித்துப் பார்க்கலாம். நேர்ந்ததை மாற்ற முடியாது, அதைப் பற்றி இனி எழுதாதே. நெத்திலிக் கருவாடு நீ கேட்டாய், ஈஸ்டர் கழித்துத்தான். ஒழுங்காகச் சாப்பிடு.

அம்மா,
கிளாடிஸ்

25 மார்ச்

கரோல்,

அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் இதையும் பைக்குள் வைக்கிறேன்.

நான் ஆரம்பித்திருந்தேன் கண்ணு. வலது கட்டைவிரலில் தொட்டேன், பக்கத்து விரலில் தொட்டேன், பாதத்தின் நடுவில் தொட்டேன். சத்தமே இல்லை. விளையாடுகிறாளோ என்று நினைத்து, திரியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலை என் விரலாலேயே அழுத்தினேன். புண்ணுக்குப் பக்கத்திலேயே அழுத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே, "ஆரம்பிங்களேன், பால் பொங்கிடும்" என்றாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வார்டனிடம் கேட்டுக்கொண்டு நாளைக்கே வந்துவிடு.

அப்பா,
காஸ்பர்