பதினேழாம் பயிற்சி, முப்பத்தோராம் கட்டம்

6.2.1978, திங்கள்

இன்று மூன்று தூண் வரைபடங்களை டிரேஸ் எடுத்து முடித்தேன். ஒரு கோடுகூடத் தடிக்கவில்லை. மூலையில் வழக்கம்போல மூன்று பெட்டிகள்: வரைந்தவர், டிரேஸ் எடுத்தவர், சரிபார்த்தவர். மூன்றாவதில் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் பிச்சமுத்து சார் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அளவுகளைக் கூட்டினால் மொத்தத்தோடு பத்து சென்டிமீட்டர் இடிக்கிறது என்று நான் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். அதை அழிரப்பரால் தேய்த்துவிட்டு, "உங்க வேலை படியெடுக்கிறதும்மா. திருத்துறது செக் பண்றவன் வேலை," என்றார். இந்த மன்னார்புரம் ஆபீஸ் முழுக்கத் தேடினாலும் என் கை மாதிரி ஒரு கை கிடையாது. பதினோரு வருஷமாக இரண்டாவது பெட்டியிலேயே குடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் முகம் தொங்கியிருக்கிறது. மெட்ராஸ் மியூசிக் கடையிலிருந்து கடிதம். "கைவசம் இல்லை, வரவழைக்கவும் இயலாது." இதோடு நாலு கடை "இல்லை" என்றாகிவிட்டது.

இவர் மாதா கோயில் பேண்டில் பிரெஞ்சு ஹார்ன் என்ற சுருட்டிவைத்த பித்தளைக் குழல் வாசிக்கிறார். பகலில் ஸ்கூல் லேப் அசிஸ்டென்ட். சப்பர ஊர்வலத்தில் டிரம்பெட்காரர்களுக்குத்தான் பாட்டெல்லாம். ஹார்னுக்கு இடையிடையே ஒரு "பா", திரும்ப ஒரு "பா". இருபது வருஷமாக இவர் "பா" சொல்லிக்கொண்டே பஜார் தெருவைச் சுற்றுகிறார். இப்போது நாற்பத்து மூன்று வயதில், சீமைக்காரர்கள் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும் எட்டாம் கிரேடு சங்கீதப் பரீட்சை கொடுத்தே தீருவேன் என்று நிற்கிறார். அதற்கு ஹார்னுக்கென்றே எழுதிய பயிற்சிகள் வேண்டும். இருந்த ஒரே புத்தகம் போன நவம்பர் வெள்ளத்தில் பேண்ட் அறைப் பெட்டியோடு கூழாகிவிட்டது.

8.2.1978

பெங்களூரிலும் இல்லையாம்.

19.2.1978, ஞாயிறு

பூசை முடிந்ததும் பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் ஒரு தகவல் சொன்னார். பொன்மலைப்பட்டியில் அற்புதம்மாள் என்று ஒரு அம்மா. காலமான அவர் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் ஹார்ன் வாசித்தவர். தடிப் புத்தகம் ஒன்று வைத்திருந்தாராம். உடனே பஸ் பிடித்தோம்.

அந்தம்மா கையை விரித்துவிட்டார். "புத்தகமா? அவரு போனப்பவே எல்லாம் போச்சுப்பா." இவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். காபி டம்ளரை வைக்க நான் அடுக்களைக்குப் போனேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தாளைத்தான் என் கண் தேடும். அலமாரித் தட்டில் ஊறுகாய் ஜாடிக்குக் கீழே விரித்திருந்தது செய்தித்தாள் இல்லை. ஐந்து ஐந்தாகக் கோடு, இவர் சங்கீதப் புத்தகத்தில் இருந்தது மாதிரி. நான் ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன். அடுத்த தட்டிலும் அதே. பருப்பு டப்பாவுக்கு அடியிலும் அதே.

மொத்தம் இருபத்தாறு பயிற்சிகள். யாரோ ஒரு பெல்ஜியக்காரர் எழுதியது, பெயர் என் வாயில் நுழையவில்லை. இவர் இப்படியொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதே இல்லையாம். முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நல்லெண்ணெய்க் கறை, ஜாடி வட்டம், எல்லாம் இருந்தும் ஒரு குறிகூட அழியவில்லை.

தட்டில் விரித்ததுதான் அந்தப் புத்தகம் என்று அந்தம்மாவுக்கே தெரியவில்லை, ஆனாலும் தர மாட்டேன் என்கிறார். "ஓரத்துல அவரு கையெழுத்து இருக்கு. வெளிய அனுப்ப மாட்டேன். வேணும்னா இங்கயே உக்காந்து எழுதிக்கிட்டுப் போங்க."

இவர் என்னைப் பார்த்தார். எழுதுவது என்ன பெரிய காரியம், நான் டிரேஸ் எடுக்கிறேன் என்றேன்.

26.2.1978, ஞாயிறு

நாலு மணி நேரத்தில் மூன்று பயிற்சிகள். குழம்புக் கை படாத ஒரு மேஜை கேட்டேன். அற்புதம்மாள் தையல் மெஷினை மூடிக் கொடுத்தார். டிரேசிங் பேப்பர், கறுப்பு மை, ரூலிங் பென். எனக்குச் சங்கீதம் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் கோடு தெரியும். புரியாமல் படியெடுத்தால் புள்ளி எது, ஈ எச்சம் எது என்று பிரிக்க முடியாது என்பதால் இவரை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டேன். கணக்கு சுலபம்தான். ஆறு எண்ணிக்கைப் பாட்டில் கறுப்புக் குறிக்கு இரண்டு. கொடி வைத்ததற்கு ஒன்று. பக்கத்தில் புள்ளி இருந்தால் அதில் பாதி கூடும். இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம்; ஒவ்வொரு கட்டத்தையும் கூட்டினால் ஆறு வர வேண்டும். இதைத்தானே நான் ஆபீசில் தினமும் செய்கிறேன்?

பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் மூன்று பெட்டி போட்டுவிட்டேன். வரைந்தவர்: பெல்ஜியக்காரர். டிரேஸ் எடுத்தவர்: இ.மே. மூன்றாவதில் கையெழுத்துப் போடச் சொன்னால் இவர் சிரிக்கிறார். "இருபத்தாறையும் வாசிச்சு முடிச்சப்புறம் போடுறேன் மேரி."

5.3.1978

ஏழு முடிந்தது. அற்புதம்மாள் மாவடு கொடுத்தனுப்பினார்.

19.3.1978, ஞாயிறு

இன்று மனசு சரியில்லை.

பதினேழாம் பயிற்சி. முப்பத்தோராம் கட்டத்தைக் கூட்டினால் ஐந்துதான் வருகிறது. இரண்டு, ஒன்று, இரண்டு. நாலைந்து தடவை கூட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறையும் இல்லை, தாளும் தேயவில்லை. அச்சிலேயே ஒன்று குறைகிறது. மேல் வரியில் இருபத்தேழாம் கட்டம் அச்சு அசலாக இதே மாதிரி இருக்கிறது. அங்கே கடைசிக் குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, கணக்கு ஆறு. இங்கே அந்தப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. டிரேசர் திருத்தக் கூடாது. பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

இவரிடம் சொன்னேன். அந்தம்மா முன்னாலேயே, "வெள்ளைக்காரன் அச்சடிச்சதுல தப்பு இருக்குமா? பாட்டு என்ன பில்டிங் பிளானா, கூட்டிப் பாக்கறதுக்கு?" என்கிறார்.

பஸ்ஸில நான் தனியா வேற சீட்டுல உக்காந்து வந்தேன். பிச்சமுத்து சார் சொன்னா பொறுத்துக்கலாம், அவரு எனக்கு யாரு. இவரும் அதையே சொன்னா? ஜாடிக்கு அடியில கிடந்ததக் கண்டுபிடிச்சது யாரு?

அழிரப்பர் என் பையில்தான் இருந்தது. கேள்விக்குறியை அழிக்க மாட்டேன்.

2.4.1978

இருபத்தாறும் முடிந்தது. உயிர்த்த ஞாயிறுக்குள் முடிக்க நினைத்தேன், ஒரு வாரம் தள்ளிப்போனது. நிஜாமுதீன் பாய் கடையில் நேற்றே முதல் இருபதை அமோனியா பிரிண்ட் போடக் கொடுத்திருந்தேன். வெள்ளைத் தாளில் நீலக் கோடு, தாளெல்லாம் மூக்கைத் துளைக்கும் வாடை. பாய் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு லேஅவுட்டும்மா? எறும்புக்குப் பட்டா போட்ட மாதிரி இருக்கு," என்றார். பென்சில் கேள்விக்குறியும் மங்கலாக நீலத்தில் விழுந்திருக்கிறது. இருக்கட்டும்.

11.6.1978, ஞாயிறு

மகள் அக்னஸ் வீட்டில் படிக்க முடியவில்லை என்கிறாள். அதனால் இவர் விடியற்காலையில் சைக்கிளில் ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் மணலுக்குப் போய் வாசிக்கிறார். இன்று நானும் போனேன். குளித்துவிட்டுத் திருமண் இட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் கேட்டார். "பேஷா இருக்கு. ஆனா நடுவுல ஓரிடத்துல மட்டும் கால் நொண்டறதே, ஏன்?" என்றார்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். உதடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஹார்னில் இருந்த தண்ணீரைக் கொட்டினார்.

7.11.1978, செவ்வாய்

நாளை பரீட்சை. பதினேழாவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார், இருப்பதிலேயே அழகானது அதுதான் என்கிறார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"மேரி, அந்த முப்பத்தொண்ணு. அச்சுல உள்ளபடி வாசிச்சா யாரும் குத்தம் சொல்ல முடியாது. நீ சொன்னபடி வாசிச்சு அது தப்பா இருந்தா ஃபெயில். உனக்கு நிச்சயமா?"

நிச்சயமா என்று என்னை யார் கேட்டிருக்கிறார்கள், இத்தனை வருஷத்தில்? இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். இருபத்தாறு பயிற்சியில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றையும் கூட்டியிருக்கிறேன், இது ஒன்றுதான் உதைக்கிறது என்று சொன்னேன்.

"நிச்சயம்ங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

8.11.1978, புதன்

ஆபீசுக்கு அரை நாள் லீவு. பரீட்சை நடந்த ஸ்கூல் வராந்தாவில் நான் நின்றேன். ஹார்ன் சத்தம் நன்றாகவே கேட்டது. பதினேழு ஆரம்பித்ததும் விரல்விட்டு எண்ணினேன். இருபத்தேழு. முப்பது. முப்பத்தொன்று. நொண்டவில்லை. புள்ளியோடு வாசித்துவிட்டார். அதன்பின் சத்தமே இல்லை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், ஆள் வெளியே வரவில்லை. என் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனாரோ என்று கதவை ஒட்டிப் போய் நின்றேன்.

வெளியே வந்தவர் கழுத்தெல்லாம் வேர்வை. பரீட்சை எடுக்கச் சீமையிலிருந்து வந்திருந்த துரை, இப்படியொரு புத்தகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று தாளை வாங்கிப் புரட்டினாராம். முப்பத்தோராம் கட்டத்தில் நிறுத்தி, தாளில் இல்லாததை ஏன் வாசித்தாய், இந்தக் கேள்விக்குறி யார் போட்டது என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரி போட்டதுன்னேன். கூட்டிப் பாத்தா அஞ்சுதான் வருதுன்னேன்."

துரை பென்சிலால் மேஜையில் தட்டித் தட்டி எண்ணினாராம். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாராம். அவ்வளவுதான்.

பாலக்கரை வரை நடந்தே வந்தோம். ஹார்ன் பெட்டியை நானும் கொஞ்ச தூரம் தூக்கினேன்.

18.1.1979, வியாழன்

பாஸ். மெரிட்டோடு பாஸ். பதினேழாம் பயிற்சிக்கு எதிரே குறிப்பு: "அரிய தேர்வு. புத்தியோடு படிக்கப்பட்டிருக்கிறது." இவர் எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். படித்தது யார் புத்தி என்று நான் கேட்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன், அவரே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

21.1.1979, ஞாயிறு

அற்புதம்மாளுக்கு ஒரு செட் பிரிண்ட் கொண்டுபோனோம். நான் எடுத்ததை அலமாரித் தட்டில் விரித்துவிட்டு, பழைய தாள்களைக் கல்யாணப் புடவைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். என் பதினேழாம் பயிற்சி மேல் இப்போது நார்த்தங்காய் ஜாடி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

4.9.1981

ஹைதராபாத் போலீஸ் பேண்டிலிருந்து ஒருவர் கடிதம். "திருச்சி நீலப் பிரதி" ஒரு செட் கிடைக்குமா என்கிறார். கைமாறிக் கைமாறி அதுவரைக்கும் போயிருக்கிறது, இதோடு ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊர் பெயரை வைத்தே கேட்கிறார்கள். நாலு நாளாக என் நடையே ஒரு மாதிரி இருக்கிறது என்று அக்னஸ் கேலி செய்கிறாள்.

11.3.1984, ஞாயிறு

பிச்சமுத்து சார் ரிடையர் ஆகி அந்த நாற்காலிக்குப் புதிதாக ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். அவனுக்கும் நான்தான் டிரேஸ் எடுக்கிறேன். அது கிடக்கட்டும்.

இன்று காலை கொள்ளிடம் மணலில் இவர் இருபத்தாறாவதை முழுசாக வாசித்தார். ஆறு வருஷம் ஆகியிருக்கிறது அந்த ஒன்றுக்கு. வீட்டுக்கு வந்ததும் நான் டிரேசிங் தாள்களை எடுத்து மேஜையில் விரித்து, மையும் பேனாவும் வைத்தேன். "இருபத்தாறும் முடிஞ்சுது. சொன்ன மாதிரி கையெழுத்தப் போடுங்க."

பேனாவை எடுத்தார். மூன்றாவது பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் வாசிச்சேன், அவ்வளவுதான். செக் பண்ணினது நீதான மேரி. நீ போடு."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், மை கலைந்துவிடும். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை, "சரிபார்த்தவர்" என்ற பெட்டியில் இ.மே. என்று போட்டேன். அவர் ஒவ்வொரு தாளாக ஊதி உலர்த்தினார்.

எல்லாம் முடிந்தபிறகு பதினேழை மட்டும் திரும்ப எடுத்தேன். இப்போது எனக்கு உரிமை இருக்கிறது. ரப்பரால் கேள்விக்குறியை அழித்துவிட்டு, முப்பத்தோராம் கட்டத்தில் கடைசிக் குறிக்குப் பக்கத்தில் மையால் புள்ளி வைத்தேன்.