மாணிக்கம் அண்ணன் சொன்ன பதில்

செவ்வாய், இரவு.

மாணிக்கம் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சனத்நகரில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால், நான்கு மாதமாக என்னிடம் இங்கிலீஷ் படிக்கிறார். இன்று பேகம்பேட்டில் ஓர் ஆபீசுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனார். சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"பேரு, ஊரு எல்லாம் இங்கிலீஷ்லயே சொன்னேன் டீச்சரம்மா. கடைசியா டிரிங்க், டூட்டின்னு வேகமா என்னமோ கேட்டாங்க. புரியல. எஸ் சார்னேன். சிரிச்சிட்டு, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. என்னம்மா கேட்டிருப்பாங்க?"

வேலை நேரத்தில் குடிப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னேன். பீடிகூடத் தொடாத மனிதர். தலையைக் குனிந்துகொண்டார்.

புரியாவிட்டால் சிரித்த முகமாக 'எஸ் சார்' சொல்லிவிடுங்கள் என்று கற்றுக்கொடுத்தவள் நான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம் அண்ணா" என்றேன்.

"நக்கோம்மா, வேணாம், போதும். இந்த வயசுல இதெல்லாம் மண்டையில ஏறாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் படி இறங்கும்வரை கதவருகிலேயே நின்றேன். தப்பு உங்கள் மண்டையில் இல்லை, என்னுடையது என்று சொல்ல வேண்டும். தமிழில்தான் சொல்ல வேண்டும். அதுகூட என் வாயில் வரவில்லை.