கட்டுப் போட்ட எர்த் வயர்

“விளக்கு எரியுது, ஹாரன் கத்துது, இஞ்சின் மட்டும் ஏன் டீச்சர் பேச மாட்டேங்கு?”

நீங்கள் கேட்ட கேள்விதான் அக்கா. இன்று காலை மறுபடி காதில் விழுந்தது. இன்வெர்ட்டர் பார்க்க வந்தவர் கறுப்பு டேப் சுருள் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தார். எடுத்து முகர்ந்தேன். ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனையோடு சூலக்கரையில் உங்கள் வீட்டுக் கார் கொட்டகையும் வந்துவிட்டது.

உங்கள் அப்பா விட்டுப்போன அம்பாசிடர். அதன் பெட்ரோல் இஞ்சின் ஒருநாள் முழுதாகக் கைவிட்டது. அதே மாதிரி இன்னொன்றைத் தேடிப் போடலாம் என்றார் மெக்கானிக் முருகேசன். நீங்கள் கேட்கவில்லை.

“டீசல்ல தீப்பொறி கிடையாதாமே. அதப் போடு.”

“சிஸ்டரம்மா, கார்ல என்ன வெடியா ஏத்தப் போறீக?”

“வெடி பட்ட ஆளுகள ஏத்தப் போறேன். போதுமா?”

முருகேசன் டீசல் இஞ்சின் தேடக் கிளம்பினார். தீக்காய வார்டிலேயே நர்ஸ் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் நீங்கள் என்பது அவருக்கும் தெரியும். மூடாத வயர் ஒன்றைக் கண்டுவிட்டால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. என் வீட்டுக்கு வந்தால் காப்பி குடிப்பதற்கு முன்பே மிக்சி வயரைத் தடவிப் பார்ப்பீர்கள். பைக்குள் கத்தரிக்கோலும் டேப்பும் எப்போதும் இருக்கும். “எல்லாரும் பர்ஸ் வச்சிருப்பாக, நீங்க ஆஸ்பத்திரியே வச்சிருக்கீக” என்று நான் கேலி செய்ததுண்டு.

அந்தச் சமயம் வண்டி உங்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. காரணம் விஸ்வநத்தத்துப் பாண்டிச்செல்வி. பட்டாசுக் கம்பெனியில் பட்ட தீ ஆறியபோது அவள் கழுத்துத் தோல் சுருங்கி, மோவாயை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தரையைத் தவிர வேறெதையும் நேராகப் பார்க்க முடியாது. அறுவை செய்தால் நிமிரலாம் என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார். முதல் தடவை வாடகைக் காரில் போனபோது, டிரைவர் வழி நெடுகக் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தானாம். திரும்பி வந்தவள் உங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “நீங்க ஓட்டுனா வாரேன் சிஸ்டர். இல்லேன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்.”

நீங்கள் உங்கள் காரின் உள் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தீர்கள். வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது, அது போதும் என்றீர்கள். ஒருமுறை அறுவைக்கு நாள் குறித்தும் அவள் பயந்து, வராமல் இருந்துவிட்டாள். இரண்டாம் முறை நாள் கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். “இந்தத் தடவை தவறுனா அவ மனசு மூடிக்கிடும் டீச்சர்” என்று சொல்லித்தான் அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டீர்கள்.

நான் வந்தபோது, டீசல் இஞ்சினைப் பூட்டி முடித்திருந்த முருகேசன் வியர்த்துப் போயிருந்தார். சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’. அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றித் தன் வேனில் போட்டுப் பார்த்திருந்தார், நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் கொடுத்தார்; அது துள்ளிச் சுற்றியது. மறுபடி வண்டியில் பூட்டினால் பழைய ‘டக்’.

“அப்ப இஞ்சின் உள்ள பிடிச்சிருக்கு. இறக்கிப் பிரிக்கணும் சிஸ்டரம்மா. மூணு நாளாகும்.”

நீங்கள் நோயாளியின் பக்கத்தில் குனிவதுபோல் பானெட்டுக்குள் குனிந்தீர்கள். சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் இடமாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ஓரிடத்தில் கையை வெடுக்கென்று இழுத்தீர்கள்.

“டீச்சர், இங்கன மட்டும் காய்ச்சல் அடிக்கி.”

ஆக்சிலேட்டர் கேபிள். காலால் மிதித்தால் இழுபடுகிற வெறும் கம்பி. ஓடாத வண்டியில் அது ஏன் சுட வேண்டும்? மெல்லிய கம்பியில் அதன் தகுதிக்கு மீறிய மின்சாரம் போனால் சுடும். இதை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே எதற்கு மின்சாரம் வந்தது? நான் முருகேசனிடம் கேட்டேன்: “தரையில மோட்டார் ஓடும்போது எத்தனை வயர் குடுத்தீக?”

“ரெண்டு.”

“வண்டியில?”

“ஒண்ணுதான். ரெண்டாவது வயருக்குப் பதிலா பாடி இரும்பு இருக்கே. டீச்சர், இது பள்ளிக்கூடம் இல்ல.”

“ஏலே, நீ பள்ளிக்கூடம் பக்கம் போயிருந்தாத்தான அது எப்படி இருக்கும்னு தெரியும்” என்றீர்கள் நீங்கள், குனிந்தபடியே.

“போயிருந்தா உங்க வண்டிய யாரு பாப்பாக?” என்றார் அவர். ஆனால் சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். பாடி இரும்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே மின்சாரம் போக ஒரு தடித்த எர்த் வயர் இருந்தாக வேண்டும். அது இல்லாததால், கிடைத்த ஒல்லிக் கம்பியில் புகுந்து போயிருக்கிறது. அவர் வேனிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்து வந்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கடிக்கவிட்டு, மறுமுனையை இஞ்சினின் வெறும் இரும்பில் கடிக்கவிட்டார். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் சுற்றியது. இரண்டு தடவை இருமிவிட்டு, கொட்டகை நிறையப் புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“அப்ப எர்த் வயர் எங்க?” முருகேசன் தலையைச் சொறிந்தார். “நேத்து சாயந்திரம் தொங்க விட்டுத்தான போனேன். கடைசியா மாட்ட வேண்டியத எப்பவும் தொங்க விட்டுத்தான் போவேன். தொங்குனாத்தான் கண்ணுல படும்.”

நீங்கள் கையை உள்ளே விட்டு, ஓர் ஓரத்திலிருந்து அதை வெளியே எடுத்தீர்கள். செம்பு தெரியாமல் கறுப்பு டேப், மேல் சுற்று கீழ்ச் சுற்றின் பாதியை மூடும்படி, ஆஸ்பத்திரிக் கட்டுப்போல் சீராக. முனையை மடித்து ஒட்டி, ஆடாமல் நூலால் கட்டியும் வைத்திருந்தீர்கள்.

“மொட்டையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பாக்கச் சகிக்கல.”

முருகேசன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இஞ்சின இறக்க வச்சு என்னக் கொல்லப் பாத்தீகளே சிஸ்டரம்மா! அது செத்துட்டுன்னு நான் எழுதியே குடுத்திருப்பேன்.” மூன்று பேரும் சிரித்தோம். உங்கள் சிரிப்புதான் கடைசியில் நின்றது; கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

டேப்பை நீங்களேதான் பிரித்தீர்கள். பிரித்துவிட்டும் மனம் வரவில்லை. “இது மூடாம இருக்கலாமா டீச்சர்?” என்று கேட்டீர்கள். “பட்டாசுக் கம்பெனிக்குள்ள நுழையும்போது, உடம்புல இருக்குற மின்சாரம் இறங்கட்டும்னு செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போகச் சொல்லுவாகளே அக்கா, ரப்பர் கையுறை மாட்டித் தொட்டா என்ன பிரயோசனம்? இதுவும் அதுதான். இரும்பும் இரும்பும் தொடுற இடம் வெறுமையாத்தான் இருக்கணும்” என்றேன். அந்த உதாரணம் உங்களுக்குப் போதுமானதாக இருந்தது. முருகேசன் பெயிண்டைச் சுரண்டி, எர்த் வயரைப் போல்ட் வைத்து முடுக்கினார்.

மறுநாள் நீங்கள் ஓட்டினீர்கள். நானும் பாண்டிச்செல்வியும் பின்னால் உட்கார்ந்தோம். டீசல் இஞ்சின் போட்ட சத்தத்தில் பேச வழியில்லை. விருதுநகர் தாண்டியதுமே அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஓர் அறுவையில் முடியவில்லை. அடுத்தடுத்தும் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வண்டியே போனது.

உங்கள் அடக்க ஆராதனையன்று பாண்டிச்செல்வி சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். நடுவில் எத்தனையோ தலைகள். அத்தனைக்கும் மேலாக மோவாயை உயர்த்தி, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான் அக்கா. மின்விசிறி நின்றாலும், மோட்டார் நின்றாலும், இப்போதெல்லாம் எதையும் உடனே பிரிக்கச் சொல்வதில்லை. என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? இஞ்சினை இறக்குமுன் சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள்; சுடக் கூடாத ஒன்று எங்கே சுடுகிறது என்று தேடுங்கள்.